மோசடி விசாரணைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தபோது எனக்கு யாரும் சொல்லாதவை

2022இன் பிற்பகுதியில் திருகோணமலையில் ஒரு அரச நிறுவனத்தின் விசாரணைப் பிரிவுக்குப் பொறுப்பாக என்னை நியமித்தார்கள். அதற்கு முன் கணக்குக் கிளையிலும் உள்ளகக் கணக்காய்விலும் பல வருடம் இருந்தவள் நான். ஒரு வவுச்சரைக் கையில் எடுத்தால் எந்த இடத்தில் இடிக்கிறது என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் போனேன். எனக்குக் கீழே மூன்று விசாரணை அலுவலர்கள், ஒரு முகாமைத்துவ உதவியாளர், பாதிநாள் மட்டும் கிடைக்கும் ஒரு வாகனம். வாழ்த்துச் சொன்னவர்கள் நிறையப் பேர். மோசடியை எப்படிப் பிடிப்பது என்று ஆலோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். பிடித்த பிறகு, பிடித்தவருக்கு என்ன நடக்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அதை நான் தனியாகவே கடந்து வந்தேன். என் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ரூபா போனது. பதவி உயர்வு ஒன்றரை வருடம் பிந்தியது. நித்திரை போனதைக் கணக்கில் எழுத முடியாது. இதே கதிரையில் நாளைக்கு உட்காரப்போகும் தம்பியோ தங்கச்சியோ இதைப் படித்தால், என்னிடம் இல்லாத ஒரு முன்னறிவிப்பு அவர்களிடம் இருக்கும் என்பதற்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது, அதோடு அந்த மனிதர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் இந்த வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பில் இருப்பவர் களத்துக்குப் போய்த் தேடுவது குறைவு. எந்த முறைப்பாட்டைத் திறப்பது, யாரை எங்கே அனுப்புவது, என்ன கேள்வி விடுபட்டிருக்கிறது, எந்த ஆவணம் போதாது என்று முடிவெடுப்பதுதான் உங்கள் வேலை. விசாரணை அலுவலர் கொண்டுவரும் ஒவ்வொரு வாக்குமூலத்தையும் நீங்கள் வரிவரியாக வாசிக்க வேண்டும். கடைசியில் அறிக்கையில் விழும் கையெழுத்து உங்களுடையது. கண்டுபிடித்தவர் வேறொருவராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நேரமும் உங்கள் கையில் இல்லை. அரசுக்கு நட்டம் ஏற்பட்டால் நிதிப் பிரமாணம் 104இன்படி 7 நாட்களுக்குள் முதற்கட்ட அறிக்கையும் 3 மாதங்களுக்குள் முழு அறிக்கையும் போக வேண்டும். பிந்தினால் அதுவே உங்களுக்கு எதிரான ஒரு குற்றச்சாட்டாக மாறலாம். ஆகவே முழுவதும் தெரியட்டும் என்று காத்திருக்காமல், தெரிந்ததை மட்டும் வைத்து முதற்கட்ட அறிக்கையை அனுப்பிவிடுங்கள். நீடிப்புத் தேவை என்றால் ஏன் தேவை என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது எந்தக் கோவையிலும் ஏறாது.

என்னைப் புரட்டிப்போட்ட விசாரணை ஒரு சாதாரணக் கேள்வியில் தொடங்கியது. மூதூரிலிருந்து கணவனை இழந்த ஒரு தாய், வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பிக்க வந்தார். பட்டியலைப் பார்த்த எழுதுவினைஞர், "உங்களுக்கு ஏற்கெனவே வலையும் ஐஸ் பெட்டியும் கொடுத்தாயிற்று" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தாய் வீட்டுக்குப் போகவில்லை. யார் யாரிடமோ கேட்டு என் மேசைக்கு வந்தார். "மகள், எனக்குத் தந்ததென்றால் தந்ததாகவே இருக்கட்டும். அதை யார் கையில் தந்தீர்கள் என்றாவது சொல்லுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அவர் பெயருக்கு நேரே ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அவரோ பத்தாம் வகுப்பு வரை படித்தவர், அழகாகக் கையெழுத்துப் போடுவார்.

அந்தப் பட்டியலை முழுதாக எடுத்தோம். கடற்றொழில் குடும்பங்களுக்கு வலை, ஐஸ் பெட்டி, சிலருக்குத் தையல் இயந்திரம். குச்சவெளி, மூதூர், வெருகல் என்று கரையோரப் பிரிவுகள் பலவற்றில் கொடுத்ததாகக் கணக்கு. பயனாளி பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் செய்ய வேண்டியதை இங்கே சொல்கிறேன், இதற்குக் கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கங்களைப் பாருங்கள். பழைய 9 இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எனவே அந்த மூன்று இலக்கம் 367 முதல் 500 வரை வரவே முடியாது. ஆணின் பெயருக்கு நேரே 500க்கு மேற்பட்ட எண் இருந்தாலும், பெண்ணின் பெயருக்கு நேரே 366க்குள் இருந்தாலும் அதை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, ஒரே ஆள் இரண்டு தடவை வருவது. 2016இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0 போட்டு, கடைசியில் உள்ள எழுத்தை எடுத்துவிட்டால் அதே ஆளின் புதிய இலக்கம் வந்துவிடும். எங்கள் பட்டியலில் பழைய இலக்கத்தோடு ஒரு பிரிவிலும் புதிய இலக்கத்தோடு இன்னொரு பிரிவிலுமாகச் சிலர் இரண்டு தடவை இருந்தார்கள். எக்செலில் எல்லாவற்றையும் 12 இலக்கமாக மாற்றி வரிசைப்படுத்தினால் ஒரு பின்னேரத்தில் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: நாள் எண்ணில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள் என்றே கணக்கு. பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடும்போது ஒரு நாள் பிசகுகிறது என்று அப்பாவி ஒருவரைச் சந்தேகப்பட வேண்டாம். இலக்கம் பிழை என்பதே மோசடிக்குச் சான்றும் அல்ல. தட்டச்சில் விரல் தவறியிருக்கலாம். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று மட்டுமே அது சொல்லும்.

வவுச்சர்களில் கிடைத்தது இன்னும் வலுவானது. மூன்று கடைகளின் விலைமனுக்கள் இருந்தன. மூன்றிலும் 'நைலோன்' என்ற சொல் ஒரே மாதிரிப் பிழையாக எழுதப்பட்டிருந்தது, கூட்டுத்தொகையின் கீழே போட்டிருந்த இரட்டைக் கோடுகூட ஒரே நீளம். ஆனால் என் மனதைத் திடப்படுத்தியது ஒரு லொறிக் கூலிப் பற்றுச்சீட்டு. 2022 ஜூலை முதல் வாரத் திகதி. அந்த நாட்களை இந்த நாட்டில் யார் மறப்பார்கள்? ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. என் மகனைச் சைக்கிளில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்ட காலம் அது. அந்த வாரத்தில் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஒரு லொறி வலை ஏற்றி வந்து, இங்கே மூன்று பிரிவுகளுக்கும் போய் இறக்கியதாகப் பற்றுச்சீட்டு சொன்னது. முடியவே முடியாது என்று நான் எழுதவில்லை. கறுப்புச் சந்தையில் டீசல் வாங்கியிருக்கலாம் அல்லவா? லொறி உரிமையாளரைத் தேடிப் போனோம். அந்த மாதம் முழுவதும் தன் லொறி வீட்டு வளவில் நின்றது என்று அவரே வாக்குமூலம் தந்தார். பற்றுச்சீட்டில் இருந்த கையெழுத்தும் தன்னுடையது அல்ல என்றார். ஒரு ஆவணத்தின் திகதியைக் கண்டால், அந்தத் திகதியில் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசியுங்கள். போயா தினமா, கரையோரப் பாதை வெள்ளத்தில் மூழ்கிய கார்த்திகை மாதமா, ஊரடங்கா? கள்ளப் பற்றுச்சீட்டு எழுதுபவர் தொகையைக் கவனிக்கும் அளவுக்குத் திகதியைக் கவனிப்பதில்லை.

இவ்வளவும் செய்யுமுன்னர் செய்த ஒரு காரியம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. முறைப்பாடு உண்மைபோலத் தெரிந்த அன்றே மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சம்பந்தப்பட்ட கோவைகளையும் களஞ்சியப் பதிவேட்டையும் எங்கள் பொறுப்பில் எடுத்தோம். எடுக்கும்போது, கொடுப்பவர் முன்னிலையிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் மையால் இலக்கம் போட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட்டோம். ஏற்கெனவே கிழிந்திருந்த பக்கங்களையும் குறித்துக்கொண்டோம். எல்லாவற்றையும் போனில் படமெடுத்தோம், அப்புறம் போட்டோக் கொப்பி. அந்தக் கொப்பிக் காசு என் கையிலிருந்துதான் போனது. அலுவலக இயந்திரத்தில் மை இல்லை, வாங்குவதற்கு அனுமதி வர ஒரு மாதமாகும் என்றார்கள். காத்திருந்திருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. பல மாதம் கழித்து, வேறொரு கிளை பார்வையிடுவதற்கென்று வாங்கிப்போன பதிவேடு இரண்டு பக்கம் குறைந்து திரும்பி வந்தது. பக்க இலக்கமும் கையெழுத்தும் படமும் எங்களிடம் இருந்தபடியால் அதுவே இன்னொரு சான்றாயிற்று. மூலப் பிரதி உங்கள் அறையை விட்டு வெளியே போகிறதென்றால், யார் கேட்டாலும், கடிதமும் கையெழுத்தும் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

களத்துக்குப் போனது வேறு உலகம். என் அலுவலர்களோடு நானும் பல தடவை போனேன். வாகனம் இல்லாத நாட்களில் கிண்ணியாப் பாலம் கடந்து முச்சக்கர வண்டியில் மூதூருக்குப் போயிருக்கிறோம். 2009இல் அந்தப் பாலம் திறக்கப்படுமுன் படகுப் பாதைக்காகக் காத்துக் கிடந்ததை என் அலுவலர் ஒருவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வி, "எங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா?" என்பதாகவே இருக்கும். தன் பெயரில் களவு நடந்ததென்று கேட்ட உடனே அந்த மனிதர்கள் தங்களைத்தான் குற்றவாளியாக நினைத்தார்கள். சிலரை முன்கூட்டியே வந்து மிரட்டியும் இருந்தார்கள்: உண்மையைச் சொன்னால் மற்ற உதவிகளும் நின்றுவிடும் என்று. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு குடும்பத்துக்கு அந்த வலை என்பது ஒரு பருவத்துச் சாப்பாடு. அதைத் திருடியதும் போதாதென்று, திருட்டுக் கொடுத்தவரையே பயந்து வாழவும் வைத்திருக்கிறார்கள்.

வாக்குமூலம் எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் உடைபடுவது இங்கேதான். முதலில், வந்திருப்பது யார், ஏன், இவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதைச் சொல்லுங்கள். பதிலை உங்கள் வாயால் சொல்லிக் கொடுக்காதீர்கள். "வலை கிடைக்கவில்லை, அப்படித்தானே?" என்று கேட்டால், ஆமென்ற பதிலுக்கு விசாரணையில் ஒரு பெறுமதியும் இல்லை. "2022இல் உங்களுக்கு என்ன உதவி கிடைத்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். சேருவில பக்கம் சிங்கள மொழியில் சொன்னவர்களின் வாக்குமூலத்தை அந்த மொழி தெரிந்த அலுவலரே எழுதினார், தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் விடவில்லை. முடிந்ததும் வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் வெட்டி அவரையே சுருக்கொப்பம் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். பெருவிரல் என்றால் அந்த வீட்டைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஆண் அலுவலரை ஒருபோதும் தனியே அனுப்ப வேண்டாம். இது அந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு, உங்கள் அலுவலருக்கும் பாதுகாப்பு. மூதூரில் ஒரு ராத்தா, பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துத் தன் பக்கத்தில் இருத்திய பிறகுதான் வாய் திறந்தார். அதற்காக ஒரு மணித்தியாலம் திண்ணையில் இருந்தோம். அவர் சொன்னதில்தான் பொருட்கள் இறக்கப்பட்ட வேறொரு வீட்டின் விபரம் கிடைத்தது.

அழுத்தம் வரும் வழிகளை நான் கற்பனை செய்திருந்தது வேறு விதமாக. அரசியல்வாதி போன் எடுப்பார், அதட்டுவார் என்று நினைத்தேன். அப்படி ஒரே ஒரு அழைப்புத்தான் வந்தது. மற்றதெல்லாம் தெரிந்த முகங்கள். என்னோடு படித்தவர் ஒருவர், என் கணவரின் பெரியப்பா, பிள்ளையின் ஆசிரியை. "ஊருக்குள் இருந்துகொண்டு ஏன் பிள்ளை இந்தப் பாவத்தைக் கட்டிக்கொள்கிறாய்" என்றார் பெரியப்பா. ஒருநாள், நாங்கள் சந்தேகித்த அலுவலரின் மனைவி இரண்டு பிள்ளைகளோடு பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தச் சின்னப் பிள்ளை என் மகனின் பந்தை எடுத்து விளையாடத் தொடங்கியது. அன்று நான் மிகவும் கலங்கினேன். தண்ணீர் கொடுத்தேன், உள்ளே வைத்துக் கதைக்கவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அலுவலகத்தில் உங்கள் கணவர் எழுத்தில் தரலாம், அதைக் கட்டாயம் கோவையில் சேர்ப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனதும் திகதி, நேரம், யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, மறுநாள் காலை மேலதிகாரிக்கு ஒரு கடிதமாகவே கொடுத்தேன். அப்போது அது இரக்கமில்லாத வேலையாகத் தோன்றியது. அந்தக் கடிதம் இல்லையென்றால் இன்று நான் வேலையில் இருப்பேனோ தெரியாது.

ஏனென்றால் 2023 கடைசியில் அறிக்கை போய்ச் சில வாரத்தில் பெட்டிசம் வரத் தொடங்கியது. பெயரில்லாத மொட்டைக் கடிதங்கள்தான். ஒவ்வொன்றும் பல இடங்களுக்குப் பிரதி. அந்தக் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்து நான் பணம் கேட்டேனாம். வாகனத்தைச் சொந்தத் தேவைக்கு நிலாவெளிக்கு ஓட்டினேனாம். வாக்குமூலங்களை மிரட்டி வாங்கினேனாம். எங்கள் மேலிடம் என்னைப் பற்றி ஆரம்ப விசாரணை ஒன்றைத் திறந்தது. திறந்ததை நான் குறைசொல்ல மாட்டேன், முறைப்பாடு வந்தால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விசாரணை முடியும்வரை என்னை வேறொரு கிளைக்கு மாற்றி, பதவி உயர்வுக் கோவையையும் நிறுத்தி வைத்தார்கள். அதுவரை ஒன்றாகத் தேநீர் குடித்தவர்கள் நான் வரும்போது எழுந்து போனார்கள். கடல்முக வீதியில் சாமான் வாங்கப் போனால் யாரோ என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று தோன்றும். கணவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை, வழக்கு விபரம் வெளியே போகக்கூடாது என்ற பயம். உண்மையைச் சொன்னால், குற்றம் செய்தவர் அனுபவிக்க வேண்டிய வெட்கத்தை நான் அனுபவித்தேன்.

அந்த விசாரணையில் என்னைக் காப்பாற்றியவை எல்லாம் சலிப்பான காகிதங்கள். வாகனத்தின் ஓட்டப் பதிவில் ஒவ்வொரு பயணத்துக்கும் இடம், நோக்கம், கூட வந்த அலுவலரின் கையெழுத்து இருந்தது. நிலாவெளிப் பயணம் என்று அவர்கள் சொன்ன நாளில் குச்சவெளியில் எடுத்த வாக்குமூலங்கள் இருந்தன, நேரத்தோடு. வீட்டுக்கு வந்ததைப் பற்றி மறுநாளே நான் கொடுத்த கடிதத்தில் அலுவலக முத்திரை இருந்தது. இவற்றின் ஒரு பிரதியை நீங்கள் வைத்திருக்க வேண்டும், அதுவும் மேலதிகாரியின் அனுமதியோடு, என்ன பிரதி என்று பட்டியல் போட்டு. இரகசியக் கோவையைக் களவாக வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னொரு குற்றச்சாட்டுக்கு வழி. உங்கள் சொந்தத் தினக்குறிப்பு, நீங்கள் எழுதிய கடிதங்கள், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து, இவை போதும். பதில் எழுத ஒரு சட்டத்தரணியின் உதவியை எடுத்தேன். அவரது கட்டணமும், கொழும்புக்கு இரவு ரயிலில் போய்வந்த செலவும், கொப்பிகளும், மீளப்பெறாத களப் பயணச் செலவும்தான் மேலே சொன்ன இரண்டு இலட்சம். களப் பயணத்துக்கான படிவங்களை மாதாமாதம் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தேன். முற்கூட்டிய அனுமதி இல்லாத முச்சக்கர வண்டிக் கூலியை ஏற்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். ஆகவே விசாரணை தொடங்கும்போதே, வாகனம் கிடைக்காத நாளில் வாடகை வாகனம் பாவிக்கப் பொதுவான அனுமதி ஒன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று கடிதம் வந்த பிறகு, முறையான ஒழுக்காற்று விசாரணையில் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பில் பேசியவர் ஓய்வுபெற்ற ஒரு நிர்வாக அலுவலர், அரச ஊழியர்களின் ஒழுக்காற்று விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி அவருக்கு மனப்பாடம். காலையிலிருந்து மாலைவரை கேள்வி. நான் என்ன கண்டேன் என்பதைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. ஏன் இந்தச் சொல்லைப் பாவித்தீர்கள், யார் உங்களுக்கு அதிகாரம் தந்தார், இந்த வாக்குமூலம் எடுத்த அலுவலரை நியமித்த கடிதம் எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அறிக்கை எழுதும்போது 'இவர் மோசடி செய்தார்' என்று எழுதாதீர்கள். அதை முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. 'இந்த இலக்க வவுச்சரில் இவரது கையெழுத்துப் போலத் தோன்றும் ஒன்று உள்ளது, இந்தப் பயனாளி பொருள் பெறவில்லை எனக் கூறுகிறார், பக்கம் இன்னது' என்று எழுதுங்கள். தொகையை இரண்டாகப் பிரியுங்கள்: ஆவணத்தாலும் சாட்சியாலும் நிறுவப்பட்டது ஒன்று, இன்னும் பார்க்க வேண்டியது இன்னொன்று. எங்கள் விசாரணையில் சந்தேகத் தொகை நிறுவப்பட்ட தொகையைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகக் காட்டச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினார். நான் மறுத்தேன். கூட்டியிருந்தால், ஒரு வவுச்சர் உடைந்தாலே முழுத் தொகையும் உடைந்ததாகச் சொல்லியிருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்து விளக்கத்தையும் அறிக்கையில் முழுதாகப் போடுங்கள். அது நியாயம். அதோடு, எங்களைக் கேட்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களைப் பற்றி. என் இளைய அலுவலருக்கு வயது இருபத்தெட்டு. வட்ஸ்அப்பில் அவரது தங்கச்சி பள்ளிக்கூடம் போகும் படத்தை யாரோ அனுப்பினார்கள், ஒரு வார்த்தையும் இல்லாமல். அன்றே பொலிஸ் முறைப்பாடு போட்டோம், நானும் கூடவே போனேன். அந்த இலக்கத்தை அழித்துவிடுகிறேன் என்றார் அவர். அழிக்க விடவில்லை. அதுதான் சான்று. அதன்பின் என் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்தில் கொடுத்தேன்: இன்ன இடத்துக்குப் போ, இன்னாரிடம் இதைக் கேள் என்று. பிரச்சினை வந்தால் அவர்கள் என் கடிதத்தைக் காட்டலாம், நானாக எதுவும் செய்யவில்லை என்று சொல்லலாம். பொறுப்பில் இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எப்போது வெளியே கொடுப்பது என்பதும் உங்களைக் குழப்பும். உள்ளக விசாரணையால் ஒருவரைப் பணி இடைநிறுத்தலாம், சம்பளத்திலிருந்து அறவிடலாம், வீட்டைச் சோதனை போடவோ வங்கிக் கணக்கைத் திறக்கவோ முடியாது. போலி ஆவணமும் அரச பொருளும் சம்பந்தப்பட்டால் பொலிசுக்குப் போக வேண்டும், 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்றே இருக்கிறது. இலஞ்சமோ பதவியைப் பாவித்த ஊழலோ என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954. தகவல் தருபவரைப் பாதுகாக்கும் ஏற்பாடுகள் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் உள்ளன. சாட்சிகளின் பாதுகாப்புக்கு அதே ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தனியே உண்டு. இவற்றை உங்கள் சாட்சிகளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூதூர்த் தாய்க்கு எந்தச் சட்டத்தைப் பற்றியும் யாரும் சொல்லியிருக்கவில்லை. பொறுப்பானவர்களிடமிருந்தே நட்டத்தை அறவிட 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. அதனால் உங்கள் அறிக்கையின் பிரதி கணக்காய்வுக்குப் போகிறதா என்பதைக் கடிதத்தின் அடியில் பாருங்கள்.

இப்போது நிலைமை இதுதான். அந்த அலுவலர் பணி இடைநிறுத்தத்தில் இருக்கிறார், பொருள் வழங்கியவர் மீதும் வழக்கு. பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பி வந்திருக்கிறது. எனக்குப் பதவி உயர்வு வந்தது, பிந்திய காலத்துக்கான நிலுவைச் சம்பளத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூதூர்த் தாயின் பெயரைப் பழைய பட்டியலிலிருந்து நீக்கினால்தான் புதிய பட்டியலில் சேர்க்கலாம் என்றார்கள். வழக்குச் சான்று என்பதால் பழைய பட்டியலில் கைவைக்கவும் முடியாது. வாக்குமூலத்தின் உறுதிப்படுத்திய பிரதியை இணைத்து நான் எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதான் அவருக்கு உதவி கிடைத்தது. உங்கள் விசாரணையிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருப்பார்கள். அறிக்கை முடிந்ததும் அவர்களின் பெயர்களைத் தனியே எடுத்து, பொருள் உண்மையில் கிடைக்காதவர்கள் என்ற பட்டியலாகச் சம்பந்தப்பட்ட பிரதேச செயலகங்களுக்கு அனுப்புங்கள். வழக்கு முடியும்வரை அவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களுக்காக இதைக் கேட்க வேறு யாரும் வரப்போவதில்லை.